சத்துமாவு, கஞ்சி, உருண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சத்துமாவு அரைக்கத் தொடங்குபவர்களும் உருண்டை பிடிக்க உட்காருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. டம்ளர் என்றால் 200 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. கப் எந்தக் கப்பாகவும் இருக்கலாம். எல்லாப் பொருளையும் அதே கப்பால் அளந்தால் போதும்.

சத்துமாவுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேணும்?

முளைகட்டிய கேழ்வரகு 500 கிராம், சம்பா கோதுமை 100, சிவப்புப் புழுங்கலரிசி 100, பச்சைப்பயறு 150, பொட்டுக்கடலை 100, ஏலக்காய் 10, விரல்கணு அளவு சுக்கு. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மாவு கிடைக்கும். நால்வர் இருக்கும் வீட்டில் காலை ஒரு வேளை என்றால் இது பத்து நாள்கூட வராது. முதல் முறை இந்த அளவே செய்யுங்கள். ருசி பிடித்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பொருள்களை மாற்றலாம், ஆனால் தானியம் மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு என்ற கணக்கை விடக் கூடாது. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயற்றுப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இட்லி, பொங்கலில் அரிசியோடு பருப்பு சேர்வதிலும் இதே பலன்தான்.

21 பொருள் போட்டாதான் சத்துன்னு சொல்றாங்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் கஞ்சிக்குக் குவித்து இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 25 கிராம் மாவு. 21 பொருளையும் சமமாகப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். பாதாம் என்றால் ஒரே ஒரு பருப்பு. அதை அப்படியே கையில் கொடுத்துவிடலாமே.

பொருள் கூடக் கூட வறுக்கும் பதங்களும் கூடும். அதில் ஒன்று கருகினாலோ ஈரமாக நின்றாலோ மொத்த மாவும் போச்சு. ஜவ்வரிசி சேர்ப்பது கஞ்சிக்கு வழவழப்புத் தரும், அவ்வளவுதான்; அது வெறும் மாவுச்சத்து. சோயா சேர்ப்பதானால் உள்வரை நன்றாக வறுபட வேண்டும். பச்சையாக நின்றால் வாடையும் வரும், புரதம் செரிப்பதையும் தடுக்கும். ஏழெட்டுப் பொருளுக்கு மேல் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கேழ்வரகை முளைகட்டியே ஆகணுமா? எப்படிக் கட்டுறது?

கட்டாயமில்லை. ஆனால் கட்டினால் பலன் உண்டு. முளைக்கும்போது, தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைவதால் இரும்பும் கால்சியமும் உடம்பில் கூடுதலாகச் சேரும். அமைலேஸ் என்ற நொதி உண்டாகி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குவதால் சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் எளிதில் செரிக்கும்.

கேழ்வரகைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கல் போக அரித்தெடுங்கள். எட்டு மணி நேரம் ஊற வையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். பிறகு சொட்டுச் சொட்டாக வடிவது நிற்கும்வரை வடித்து, பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் துணிமேல் தண்ணீர் தெளித்து, மூட்டையைக் கையால் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை நாளில் தானியத்தின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். எள்ளளவு முளை போதும். நீளமாக வளரவிட்டால் தானியத்தின் சத்தை முளையே தின்றுவிடும்.

காயவைப்பதுதான் இதில் முக்கியம். மெல்லிய அடுக்காகப் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். ‘கடக்’ என்று உடைந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

முளைகட்டின ராகியில் புளிச்ச வாடை வருது, கழுவிக் காயவைச்சா சரியாயிடுமா?

ஆகாது. லேசான மண்வாசம், பச்சை வாசம் இயல்பு. புளித்த வாடை, கையில் ஒட்டும் வழவழப்பு, பஞ்சு போன்ற பூசணம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். தண்ணீர் சரியாக வடியாதது, மூட்டையை இறுக்கிக் கட்டியது, கிளறாமல் விட்டது இவையே வழக்கமான காரணங்கள். மழைநாளில் முளைகட்ட வேண்டாம். முளை வந்துவிடும், காயத்தான் வழி இருக்காது.

எல்லாத்தையும் ஒண்ணா வறுக்கலாமா?

தனித்தனியாகத்தான். பொட்டுக்கடலை சூடேறினால் போதும், பச்சைப்பயறுக்கோ பத்து நிமிடம் ஆகும். ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும், மற்றது பச்சையாக நிற்கும். அடிகனமான வாணலி, மிதமான தீ. கோதுமை படபடவென்று வெடிக்கத் தொடங்க வேண்டும். புழுங்கலரிசி பொரிந்து வெளுக்க வேண்டும். பச்சைப்பயறு செம்மை தட்டி வாசம் வர வேண்டும். முளைகட்டிய கேழ்வரகைச் சிறுதீயில் ஐந்து நிமிடம், வாசம் வரும்வரை மட்டும். கடைசியாக அடுப்பை அணைத்து, வாணலியின் சூட்டில் ஏலக்காயையும் தட்டிய சுக்கையும் புரட்டி எடுங்கள்.

மிஷினில் கொடுக்கிறதா, மிக்ஸியா?

அரைக் கிலோ வரை மிக்ஸி சமாளிக்கும். விட்டு விட்டு அரைத்துச் சலியுங்கள். கப்பியைத் திரும்பப் போட்டு அரைக்கலாம். அதற்கு மேல் மாவு மிஷின்தான். உங்களுக்கு முன்னால் மிளகாயோ மல்லியோ ஓடியிருந்தால், ஒரு கைப்பிடி அரிசி ஓட்டித் தள்ளிவிட்டு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள்.

மிஷினிலிருந்து வரும் மாவு கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் மாவில் விழுந்து கட்டிபிடிக்கும், பிறகு வண்டும் பூசணமும் வரும். வெள்ளைத்துணியில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். எடுக்கும் கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும்.

மாவு இருபது நாளிலேயே கசக்குது, ஏன்?

கம்பு போட்டிருப்பீர்கள், அல்லது பாதாம், முந்திரி, வேர்க்கடலையைச் சேர்த்து அரைத்திருப்பீர்கள். கம்பில் எண்ணெய்ச்சத்து கூடுதல். அதை உடைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனியே கிடக்கும். அரைத்ததும் கலந்து கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். கம்பு ருசி வேண்டுமானால் நன்றாக வறுத்து, பதினைந்து நாளைக்கு ஆகிற அளவு தனியாக அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகைகளையும் சத்துமாவோடு அரைக்காதீர்கள். 50 கிராம் பாதாமை வறுத்துப் பொடித்துத் தனி டப்பாவில் வைத்து, கஞ்சியை இறக்கும்போது ஒரு தேக்கரண்டி சேருங்கள். முதல் கேள்வியில் சொன்ன கலவை, ஆறவைத்து மூடினால், இரண்டு மாதம் கெடாது.

கஞ்சி எப்பவும் கட்டி தட்டுது.

கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டுவதால்தான். மாவு உருண்டையின் வெளிப்புறம் உடனே வெந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கால் டம்ளர் பச்சைத்தண்ணீரில் முதலில் கரையுங்கள். மீதி ஒரு டம்ளர் தண்ணீரைச் சூடாக்கி, கரைத்ததை ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். கொதி வந்தபின் சிறுதீயில் ஏழெட்டு நிமிடம். நிறம் ஒரு மட்டம் கறுத்துப் பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது.

முளைகட்டின மாவில் கஞ்சி தண்ணியா வருது. கலப்படமா?

இல்லை. முளைகட்டும் கேள்வியில் சொன்ன அமைலேஸ் செய்கிற வேலை அது. மாவுச்சத்தை அது உடைத்துவிடுவதால் கஞ்சி இளகுகிறது. இது குறையல்ல. அதே இளக்கத்துக்குக் கூடுதல் மாவு போடலாம், அதாவது ஒரே டம்ளரில் கூடுதல் சத்து. சாப்பிட மறுக்கிற பிள்ளைக்கும், மெல்ல முடியாத பெரியவருக்கும் இதனால் பெரிய உபகாரம்.

வெல்லம் போட்டா பால் திரிஞ்சுடுது.

வெல்லத்தில் உள்ள அமிலத்தன்மையும் உப்புகளும் கொதிக்கும் பாலைத் திரிக்கின்றன. கஞ்சியைத் தண்ணீரிலேயே காய்ச்சி, வெல்லம் சேர்த்து இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றுங்கள். வெல்லத்தை நேராகப் போடாமல் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது நல்லது. டம்ளரின் அடியில் மண் நிற்காது.

வெல்லம்னா எவ்வளவு வேணாலும் போடலாம்தானே?

கூடாது. கலோரியில் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. இரண்டும் 100 கிராமுக்கு 400க்குச் சற்றுக் குறைவு. வெல்லத்தில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, ஆனால் நாம் போடுகிற அளவில் அது இரும்புச்சத்து மருந்தாகிவிடாது. சேர்க்கும் இனிப்பு ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது 19 கிராம். காலைக் கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி வெல்லம், மாலையில் ஒரு கடலை உருண்டை, அத்தோடு கணக்கு முடிந்தது.

வாங்கும்போது பளீரென்று மஞ்சளாக இருப்பதைத் தவிருங்கள். ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்திருக்க வாய்ப்புண்டு. கருத்த வெல்லமே மேல்.

குழந்தைக்கு எந்த மாதத்திலிருந்து கொடுக்கலாம்?

ஆறு மாதம் முடிந்தபின். தொடக்கத்தில் ஒரே தானியம் மட்டும்: கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்த ராகிப்பாலைக் காய்ச்சிக் கொடுக்கலாம். ஆனால் கேழ்வரகின் கால்சியத்தில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது, பிழியும்போது அது சக்கையோடு போய்விடும். ஆகவே செரிக்கப் பழகியதும் முழு மாவுக்கு மாறிவிடுங்கள். சத்துமாவில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனியாகக் கொடுத்து, மூன்று நாள் பார்த்து, ஒவ்வாமை இல்லை என்று தெரிந்த பிறகே கலவை. கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும். பாட்டிலில் ஊற்றும் அளவுக்கு நீர்த்திருந்தால் வயிறு நிறையும், சத்து சேராது.

இரண்டு வயது வரை இனிப்பு சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் பிள்ளையின் குடலில் பெருகி நஞ்சாகும், காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. முழுக் கடலை, முழு முந்திரி ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும்.

சுகர் இருக்கு. ராகி கஞ்சி நல்லதுன்னு தினமும் குடிக்கிறேன், ஆனா அளவு ஏறுதே?

ஏறத்தான் செய்யும். ஒரு டம்ளர் கஞ்சியில் ஏறக்குறைய 17 கிராம் மாவுச்சத்து. நைசாக அரைத்து, நன்றாகக் காய்ச்சி, மெல்லாமல் விழுங்குவதால் அது வேகமாக ரத்தத்தில் சேர்கிறது. முளைகட்டிய மாவென்றால் இன்னும் வேகம், பாதி வேலையை நொதி முடித்துவிட்டதல்லவா? கேழ்வரகை விடச் சொல்லவில்லை. முளைகட்டாத மாவில் வெங்காயம், முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டிச் சாப்பிடுங்கள், அல்லது களியாகக் கிண்டிக் கீரைக் குழம்போடு. கஞ்சிதான் வேண்டுமென்றால் வெல்லமில்லாமல், மோர் ஊற்றி, அரை டம்ளர். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலை உணவை மாற்ற வேண்டாம்.

கஞ்சி குடிச்ச உடனே டீ குடிக்கலாமா?

ஒரு மணி நேரம் போகட்டும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள டானின் போன்றவை தானியத்தின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாறாக, கஞ்சியோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத்துண்டோ சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

கடையில் விக்கிற டின் பவுடரைவிட இது உசத்தியா?

இனிப்பின் அளவு உங்கள் கையில் இருக்கிறது, அது பெரிய லாபம். டின்னின் பின்புறம் பொருள்கள் எடை வரிசையில் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் சர்க்கரை இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. இணையக் கடைகள் அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது.

அதற்காக வீட்டுச் சத்துமாவை வானளாவப் புகழவும் வேண்டாம். 25 கிராம் மாவில் புரதம் மூன்று கிராம் அளவுதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு கால்சியம் என்றாலும், ஒரு டம்ளர் கஞ்சியில் 13 கிராம் கேழ்வரகே இருப்பதால் 50 மில்லிகிராம்கூட வராது. 100 மில்லி பாலில் 120 உண்டு. பி12, டி வைட்டமின்களை இந்த மாவிடம் எதிர்பார்க்க முடியாது. பால், முட்டை, மீன், வெயில் இவை தனியாக வேண்டும்.

கடலை உருண்டைக்குப் பாகு பதம் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை இரண்டு கப், பொடித்த வெல்லம் ஒரு கப், தண்ணீர் கால் கப். வெல்லம் கரைந்ததும் வடிகட்டி, திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழியாகப் பொங்கும், பிறகு நுரை அடர்ந்து சின்னக் குமிழியாக மாறும். அப்போதிருந்து அடுப்பை விட்டு நகராமல், ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு கரைந்தால் நேரமாகவில்லை. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டால் அது அதிரசப் பதம். திரட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் கடலை உருண்டைக்கு.

சத்தம் கேட்ட நொடியே அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். வாணலிச் சூட்டிலேயே பாகு முற்றிக்கொண்டு போகும். கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் லேசாகக் கூட்டி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அழுத்தி உருட்டினால் கை பொறுக்கும், கலவையும் இறுகிவிடாது. வெல்லம் பாகு வெல்லமாக இருக்கட்டும். சில வெல்லம் எவ்வளவு கொதித்தாலும் பதத்துக்கு வராது.

உருண்டை பிடிக்கும் முன்னயே இறுகிப்போச்சு. இன்னொரு தடவை பிசுபிசுன்னு நிக்கவே இல்ல. என்ன பண்றது?

இறுகினால் வாணலியோடு சிறுதீயில் ஒரு நிமிடம் வையுங்கள், இளகும். இரண்டு தடவைக்கு மேல் இப்படிச் செய்தால் பாகு கருகிக் கசக்கும். அதற்குமேல் தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, உடைத்துத் தின்ன வேண்டியதுதான்.

பிசுபிசுப்பு என்றால் பாகு முன்பதத்தில் இறங்கிவிட்டது. கடலையோடு சேர்த்தே மூன்று நான்கு நிமிடம் சிறுதீயில் கிளறி, மேலே சொன்ன ‘டங்’ சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். செய்த அன்று நன்றாக இருந்து மறுநாள் பிசுபிசுத்தால் குற்றம் காற்றின் ஈரத்தில். ஆறியதும் இறுக மூடும் டப்பாவில் போடுங்கள்.

எள்ளுருண்டை கசக்குது.

கறுப்பு எள்ளில் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால் கருக விட்டுவிடுவோம். ஒரு வழி: வறுக்கும்போது பத்துப் பன்னிரண்டு வெள்ளை எள்ளைக் கூடப் போடுங்கள். அது பொன்னிறம் ஆனதும் மொத்தத்தையும் உடனே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். படபடப்புச் சத்தம் அடங்கத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான்.

250 கிராம் எள்ளுக்கு 150 கிராம் வெல்லம். ஆறியபின் மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று, பிறகு வெல்லம் சேர்த்து இரண்டு சுற்று. எள்ளின் எண்ணெயே உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து குழம்பாகிவிடும். அப்படி ஆனால் பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி சேர்த்து மீட்கலாம்.

பாகு வராதவங்களுக்கு வேற ஏதாவது?

சிமிலி இருக்கிறதே. ஒரு கப் கேழ்வரகு மாவில் சிட்டிகை உப்பும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் தடிமனாக அடை தட்டி இருபுறமும் வேகவிடுங்கள். சூடாக இருக்கும்போதே பிய்த்து மிக்ஸியில் உதிர்த்து, வறுத்த வேர்க்கடலை அரை கப், வெல்லம் அரை கப், வறுத்த எள் இரண்டு கரண்டி சேர்த்து ஒரு சுற்று. அந்தச் சூட்டிலேயே உருட்டினால் நெய்கூட வேண்டாம். அடையில் ஈரம் இருப்பதால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ரெண்டு மூணு கடலையில் பூசணம், மீதி நல்லாதான் இருக்கு. வறுத்தா சரிதானே?

சரியில்லை. வேர்க்கடலைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலுக்குக் கெடுதி. வீட்டில் வறுக்கும் சூட்டில் அது முழுக்க அழியாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது இவற்றைப் பொறுக்கிப் போடுங்கள். பூசணம் கண்ணுக்கே தெரிகிறது என்றால் அந்தப் பொட்டலத்தையே விட்டுவிடுங்கள்.

பையன் ஹாஸ்டல்ல இருக்கான், அடுப்பு கிடையாது. சத்துமாவை வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாமா?

வேண்டாம். வறுத்திருந்தாலும் அது வெந்த மாவு அல்ல. வெந்நீரில் கலந்தால் பச்சை வாடை நிற்கும், வயிறு உப்பும். முளைகட்டும் ஈரச்சூட்டில் வளர்ந்த கிருமிகளும் லேசான வறுப்பில் முழுக்கச் சாவதில்லை, அதனால்தான் கொதிக்கவைக்கச் சொல்கிறோம்.

அவனுக்குத் தனிக் கலவை கொடுத்தனுப்புங்கள். கெட்டி அவலைச் சிறுதீயில் மொறுமொறுப்பாக வறுத்து இரண்டு கப், பொட்டுக்கடலை ஒரு கப், ஏலக்காய் நான்கு. நைசாக அரைத்துச் சலித்தது. இரண்டும் ஏற்கெனவே வெந்த பொருள்கள் என்பதால் சூடான பாலில் மூன்று கரண்டி கலந்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும். கூடவே கடலை உருண்டை வைத்தால் மூன்று வாரம் தாங்கும். எள்ளுருண்டை பத்து நாள். சிமிலியை அனுப்பாதீர்கள், ஊர் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும்.